நெஞ்சைப் பிளக்காமல் புதிய வால்வு

எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஞாயிறு பூசைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டால் நாம் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. கோயிற் படிகளில் இருமுறை நின்று மூச்சு வாங்குகிறார், முழந்தாளிட்டு எழுகையில் தலை சுற்றுகிறது என்கிறார், "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்று வீட்டாரும் பங்கினரும் சொல்லி முடித்துவிடுகிறோம். அத்தகையோருள் சிலருக்கேனும் காரணம் வயது மட்டுமன்று. இருதயத்தின் வாசலில் உள்ள ஒரு சிறு கதவு சுண்ணாம்பேறிக் கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது.

இருதயத்தின் இடது கீழறையினின்று உடலெங்கும் இரத்தம் புறப்பட்டுச் செல்லும் பெரிய குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். அதன் தொடக்கத்தில் மூன்று மெல்லிய இதழ்களால் ஆன வால்வு ஒன்று உண்டு. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. நல்ல நிலையில் அது மூன்று அல்லது நான்கு சதுர சென்டிமீட்டர் அகலத்துக்குத் திறக்கும். ஆண்டுகள் பல செல்லச் செல்ல சிலருக்கு அவ்விதழ்களில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் திறக்க முடியாதபடி இறுகிவிடுகிறது. அந்த இடுக்கு வழியே இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத் தசை தடித்துப்போகிறது, பின்னர் களைத்தும்போகிறது. மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவை தோன்றியபின் மருந்தினால் மட்டும் காலந்தள்ளுவது அரிது. சுண்ணாம்பைக் கரைக்கும் மாத்திரை இன்றுவரை எவராலும் கண்டுபிடிக்கப்படவில்லை.

1960-ஆம் ஆண்டு முதல் இதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. மார்பெலும்பை நெடுக அறுத்து, இருதயத் துடிப்பை நிறுத்தி, இரத்தத்தைப் புறத்தே ஓர் இயந்திரத்தின் வழியாகச் செலுத்திக்கொண்டு, பழைய வால்வை வெட்டியெடுத்துப் புதியதைத் தைப்பார்கள். உடலுறுதி உள்ளவர்களுக்கு அது மிகச் சிறந்த சிகிச்சை, இன்றும் அப்படியே. ஆனால் யாருக்கு இந்நோய் மிகுதியாக வருகிறதோ, அந்த முதியோரில் பலர் அவ்வறுவையைத் தாங்கும் நிலையில் இருப்பதில்லை. "இவருக்கு இயலாது" என்ற ஒரே சொல்லோடு அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டு வந்தனர்.

ரூவான் நகரிலே

பிரான்சு நாட்டில், புனித ஜோன் ஆஃப் ஆர்க் 1431-இல் தீக்கிரையாக்கப்பட்ட ரூவான் நகரின் சார்ல் நிக்கோல் மருத்துவமனையில் பணியாற்றியவர் டாக்டர் ஆலன் கிரிபியே. "இயலாது" என்று அனுப்பப்பட்டவர்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டுமென்று எண்ணிய அவர், 1985-இல் ஒரு மூதாட்டியின் தொடைத் தமனி வழியாகச் சிறு பலூன் ஒன்றைச் செலுத்தி, இறுகிய வால்வுக்குள் அதை ஊதி விரித்தார். நோய் தணிந்தது. ஆயினும் இவ்வாறு சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வால்வு மீண்டும் இறுகிப்போயிற்று. விரித்த வாசலை விரித்தபடியே நிறுத்த ஒரு சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்துக்குள்ளேயே புதிய வால்வும் இருந்தால் எவ்வளவு நன்று!

இதே எண்ணம் டென்மார்க் நாட்டிலும் ஓர் இளம் மருத்துவருக்குத் தோன்றியிருந்தது. ஹென்னிங் ரூட் ஆண்டர்சன் என்னும் அவர், இறைச்சிக் கடையிலிருந்து பன்றியின் இருதயங்களை வாங்கிவந்து, எஃகுக் கம்பியைத் தம் கையாலேயே வளைத்துச் சட்டம் செய்து, அதனுள் பன்றியின் வால்வைத் தைத்து, 1989 மே மாதத்தில் உயிருள்ள ஒரு பன்றிக்குக் குழாய் வழியாகப் பொருத்திக் காட்டினார். அறிஞர் உலகம் அதை உடனே வரவேற்றதென்று எண்ணிவிட வேண்டாம். அவருடைய கட்டுரை அச்சேறுவதற்கே 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கிரிபியேயின் பாடும் அதுவே. இறந்தோரின் இருதயங்களில் அளந்து பார்த்து, இருபத்து மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள வலைச்சட்டம் அவ்விடத்தில் வழுவாமல் நிற்கும் என்று அவர் நிறுவியபோதும், பெரிய நிறுவனங்கள் கைவிரித்தன. இறுதியில் நண்பர்கள் சிலருடன் 1999-இல் தாமே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். இஸ்ரேல் நாட்டுப் பொறியியலார் வால்வைச் செய்து தந்தனர். மாட்டின் இருதய உறையினின்று எடுத்துப் பதப்படுத்திய சவ்வினால் மூன்று இதழ்கள். அவற்றைத் தாங்க உலோக வலை. அதைச் சுருக்கி ஏற்றிச் செல்ல ஒரு பலூன். ஆடுகளில் சோதித்துத் தேறிய அச்சிறு பொருள், 2002 ஏப்ரல் 16 அன்று முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

அம்மனிதருக்கு வயது ஐம்பத்தேழு. இருதயம் ஓய்ந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, இறக்குந் தறுவாயில் இருந்தார். அறுவை மருத்துவர்கள் மறுத்துவிட்டனர். பலூன் சிகிச்சையும் பயன்தரவில்லை. கால் தமனிகளோ அடைபட்டிருந்தன. ஆகவே கிரிபியே தொடையின் சிரை வழியே ஏறி, இருதயத்தின் மேலறைகளுக்கு இடையேயுள்ள சுவரைத் துளைத்து, மிகச் சுற்றிய வழியாக வால்வைக் கொண்டுசேர்த்தார். அது பொருந்திய அக்கணமே இரத்த அழுத்தம் உயர்ந்தது. நோயாளியின் நிறமும் மாறிற்று. ஏறக்குறைய நான்கு மாதங்களுக்குப்பின் கால் நோயின் விளைவால் அவர் இறந்தார். வால்வு இறுதிவரை செவ்வனே வேலை செய்தது. நான்கு மாதம்தானா என்று கேட்பவர் கேட்கலாம். அன்று அந்த மேசையில் கிடந்தவருக்கு நான்கு நாள்களும் உறுதியாக இருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்க. கிரிபியே 2024 பிப்ரவரியில் காலமானார்.

கன்னியர் தொடங்கிய மருத்துவமனை

ஒரு மருத்துவர் ஒருமுறை செய்துகாட்டுவது வேறு. ஒரு மருத்துவமனை நாள்தோறும் பிழையின்றிச் செய்வது வேறு. இரண்டாவது காரியம் எவ்வாறு நிறைவேறியது என்பதை அறிய, கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள புனித சின்னப்பர் மருத்துவமனை 1894-இல் இருபத்தைந்து படுக்கைகளோடு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் இறைபராமரிப்புச் சபைக் கன்னியர். அருளாளர் எமிலி கமெலின் அம்மையார் மொந்திரியல் நகரில் வறியோருக்கும் கைவிடப்பட்ட மூதாட்டியருக்கும் பணிபுரிய நிறுவிய சபை அது. அம்மையாரை 2001-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். முதிய விதவைகளுக்காகப் பிறந்த ஒரு சபையின் மருத்துவமனை, முதியோரின் இருதய நோய்க்கு உலகத்துக்கே வழிகாட்டியாயிற்று என்பதில் இறைவனின் திருவுளத்தைக் காண்பவர் காணட்டும்.

இம்மருத்துவமனையின் டாக்டர் ஜான் வெப், ரூவானின் சுற்றுவழியை விட்டுத் தொடைத் தமனியிலிருந்து நேரே மேலேறும் வழியை 2005-இல் மேற்கொண்டார். முதல் பதினெட்டு நோயாளிகளைப் பற்றி 2006-இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட கணக்கு இன்றும் படிக்கத்தக்கது. பதினால்வருக்கே வால்வு வெற்றியாகப் பொருந்தியது. முதல் இருவருக்கு அடிவயிற்றுத் தமனியில் காயம் உண்டாயிற்று. அக்காலத்தில் செலுத்துகுழாயின் தடிமன் ஏழெட்டு மில்லிமீட்டர் அல்லவா? அதன்பின் ஒவ்வொருவரின் தமனியையும் முன்கூட்டியே அளந்து, தகுதியுடையோரை மட்டும் தேர்ந்து, குழாய் செருகும் முறையையும் செம்மைப்படுத்தினார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் அக்காயம் மீண்டும் நேரவில்லை. தம் இடர்ப்பாடுகளை எண்ணிக்கையோடு அச்சிட்டு வெளியிட்ட அந்த நேர்மையை, எந்த இயந்திரத்தையும்விட முக்கியமான அடித்தளமாகவே கருதுகிறேன்.

கால் தமனி குறுகியவர்களை என் செய்வது? அதே 2005-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்குள்ள அறுவை மருத்துவர்கள், விலாவெலும்புகளுக்கு இடையே சிறு கீறல் இட்டு, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தின் முனை வழியாகவே வால்வைப் பொருத்தினார்கள். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உலகின் பல மருத்துவமனைகளில் இருதய மருத்துவரும் இருதய அறுவை மருத்துவரும் ஒரே வீட்டில் வாழும் பங்காளிகளைப் போன்றவர்கள். ஒருவர் முற்றத்தில் மற்றவர் கால்வைப்பதில்லை. புதிய சிகிச்சையோ இருவருக்கும் உரியது. அதனால் இருவரும் ஒரே மேசையின் இருபுறமும் நிற்க வேண்டியதாயிற்று. வான்கூவரில் அது நேர்ந்தது. நேராத இடங்களில் இத்திட்டம் தழைத்ததில்லை.

குழு என்றால் என்ன?

இச்சிகிச்சையைத் தொடங்க விரும்பும் மருத்துவமனைக்கு முதலில் வேண்டியது வால்வு அன்று, ஆட்கள். குழாய் செலுத்தும் இருதய மருத்துவர், அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், எக்கோ பார்ப்பவர், சி.டி. ஸ்கேன் படத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து சொல்பவர், முதியோர் நலம் அறிந்தவர் ஆகியோர் வாரந்தோறும் கூடி, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அளவு சிறிதானால் வால்வு நழுவும், அன்றி ஓரத்தில் இரத்தம் கசியும்; பெரிதானால் பெருந்தமனியின் அடிப்பாகமே கிழியக்கூடும். பலூனை விரிக்கும் சில நொடிகளுக்கு இருதயத்தை நிமிடத்துக்கு 180 முதல் 200 தடவை வரை செயற்கையாகத் துடிக்கச் செய்வார்கள். அவ்வாறு துடிக்கையில் இரத்த ஓட்டம் ஏறத்தாழ நின்றுவிடுவதால் வால்வு உதைத்துத் தள்ளப்படாமல் நிலைகொள்ளும். அந்த நொடிகளில் அறையிலுள்ள பத்துப் பன்னிரண்டு பேரில் யார் எதைச் சொல்வார், யார் எதைச் செய்வார் என்பது முன்பே ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஏதேனும் பிசகினால் உடனே மார்பைத் திறக்க ஏற்பாடும் ஆயத்தமாய் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், 2012 மே மாதத்தில் இதற்குப் பணம் தர இசைந்தபோது கடுமையான நிபந்தனைகள் விதித்தது. புதிதாகத் தொடங்கும் மருத்துவமனை முந்தைய ஆண்டில் குறைந்தது 50 பெருந்தமனி வால்வு அறுவைகளும், ஆண்டுக்கு 1000 கதீட்டர் பரிசோதனைகளும் செய்திருக்க வேண்டும். இரு அறுவை மருத்துவர்கள் நோயாளியைத் தனித்தனியே நேரிற் பார்த்துக் கருத்தை எழுத வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் பலாபலனும் நாடு தழுவிய பதிவேட்டில் ஏற வேண்டும். 2019-இல் இவற்றுள் சில தளர்த்தப்பட்டன. பதிவேடு மட்டும் தளரவில்லை. கை பழகாத இடத்தில் செய்யப்படும் சிகிச்சை நோயாளிக்கு ஆபத்து. எல்லா ஊரிலும் தடை போட்டாலோ தொலைவிலுள்ள ஏழைக்கு எட்டாது. இவ்விரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது எளிதன்று. என் மனம் கடுமையின் பக்கமே சாய்கிறது.

குழுவில் நான் இன்னும் குறிப்பிடாத ஒருவர் உண்டு. வால்வுச் சிகிச்சையை ஒருங்கிணைக்கும் செவிலியர் அவர். நோயாளியின் வீட்டுக்கு முதலில் தொலைபேசியில் பேசுபவர் அவரே. தனியாக வாழ்கிறாரா? குளிக்கத் துணை வேண்டுமா? நினைவு தவறுகிறதா? ஐந்து மீட்டர் தூரத்தை எத்தனை நொடியில் நடக்கிறார்? ஆறு நொடிக்கு மேலானால் உடல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். விலையுயர்ந்த ஸ்கேன் சொல்லாததை இந்த எளிய நடை சொல்லிவிடுகிறது. வான்கூவரில் இத்தகைய செவிலியரை மையமாகக் கொண்டு ஓர் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. முழு மயக்கம் கொடாமல், தொடையிடுக்கை மரத்துப்போகச் செய்து, வேண்டாத குழாய்களை உடலில் ஏற்றாமல், சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கவைத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்புவது அதன் சாரம். வட அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் தேர்ந்தெடுத்த 411 நோயாளிகளிடம் அதைக் கையாண்டு 2019-இல் முடிவை வெளியிட்டனர்; நூற்றுக்கு எண்பது பேர் மறுநாளே வீடு திரும்பினர். முப்பது நாளுக்குள் மரணமோ பக்கவாதமோ நேர்ந்தவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு.

மறுநாள் வீடு திரும்புவது நல்லதே. ஆனால் வீட்டில் எதிர்கொள்ள ஒரு மகளோ மருமகளோ இருக்கிறாள் என்பதை அத்திட்டம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. மருத்துவமனை விடுக்கும் சுமை எங்கோ ஒரு குடும்பத்தின் தோளில் இறங்குகிறது. முன்கூட்டியே அதைக் கேட்டறிந்து கொள்ளும் செவிலியர் இல்லாத திட்டம், நகல் மட்டுமே.

யாருக்கு வேண்டாம்?

2010-இல் வெளியான பெரிய ஆய்வொன்று இச்சிகிச்சையின் மதிப்பை நிலைநாட்டியது. அறுவைக்குத் தகுதியற்ற 358 முதியோரில் ஒரு பாதியினருக்குப் புதிய வால்வும், மறுபாதியினருக்கு வழக்கமான மருத்துவமும் அளிக்கப்பட்டன. ஓராண்டில் வழக்கமான மருத்துவம் பெற்றவர்களுள் நூற்றுக்கு 50.7 பேர் மாண்டனர்; வால்வு பெற்றவர்களுள் 30.7 பேர். ஐவருள் ஒருவர் இதனால் பிழைத்தார் என்று மகிழலாம். அதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பார்ப்போம்: வால்வு பெற்றும் மூவருள் ஒருவர் ஆண்டு முடியுமுன் இறந்தார். முதல் முப்பது நாளில் கடும் பக்கவாதம் வால்வு பெற்றவர்களிடமே மிகுதி. நூற்றுக்கு ஒருவருக்கு நேர்ந்த இடத்தில் ஐவருக்கு நேர்ந்தது. பிற்காலத்தில் குழாய்கள் மெலிந்து, அனுபவம் வளர்ந்து, இவ்விடர்கள் மிகக் குறைந்தன என்பது உண்மை. ஆயினும் நுரையீரல், சிறுநீரகம், மூளை யாவும் தளர்ந்த ஒருவருக்கு இருதயக் கதவை மட்டும் புதுப்பிப்பதால் என்ன பயன் என்ற கேள்வி நீங்கவில்லை.

இதற்குத் திருச்சபை புதிதாக விடை தேட வேண்டியதில்லை. 1957 நவம்பர் 24 அன்று மயக்க மருத்துவர்களிடம் பேசிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வதே கடமை என்றும், நோயாளிக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் வழிகளுக்கு எவரும் கட்டுப்பட்டவரல்லர் என்றும் தெளிவுபடுத்தினார். எது சாதாரணம், எது அசாதாரணம் என்பது ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது என்பதும் அவர் சொன்னதே. 2002-இல் ரூவானில் அசாதாரணமாயிருந்தது, இன்று வேறு நோயற்ற எண்பது வயதினருக்குச் சாதாரணமாகிவிட்டது. நடமாட்டமற்று, நினைவிழந்து, பல உறுப்பும் ஓய்ந்த ஒருவருக்கு அது இன்றும் அசாதாரணமே. ஆகவே "வேண்டாம்" என்று சொல்லும் முதியவரைப் பிள்ளைகள் ஊரார் பேச்சுக்கு அஞ்சிக் கட்டாயப்படுத்துவதும் தவறு. செலவுக்கு அஞ்சி "அப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று நோயையே மறைத்து வைப்பதும் தவறு. இரண்டும் நம்மிடையே நடக்கின்றன. முடிவுக்கு உரியவர் நோயாளி. அவரைப் படுக்கையில் விட்டுவிட்டு வராந்தாவில் கூடிப் பேசித் தீர்மானிப்பது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம்.

மாட்டின் சவ்வு, பன்றியின் வால்வு ஆகியவற்றை மனித உடலில் வைக்கலாமா என்று ஐயுறும் அன்பர்களும் உளர். உயிர்வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2001-இல் விலங்கு உறுப்புகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, கத்தோலிக்கருக்கு இதில் சமயத் தடை ஏதுமில்லை என்று கூறியிருக்கிறது.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் வால்வு நோய் என்றதும் நினைவுக்கு வர வேண்டியவர்கள் முதியோர் மட்டுமல்லர். சிறுவரும் இளம் தாய்மாரும் ஆவர். தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இருதய வால்வுகளைத் தாக்கி, பெரும்பாலும் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. மேலே சொன்ன சிகிச்சை அவர்களுக்கானதன்று. அவர்களுள் பலருக்கு ஜப்பானிய மருத்துவர் இனோவே 1982-இல் தொடங்கிய பலூன் முறையே போதும். அதைவிட, வாதக் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை மருத்துவர் சொன்ன ஆண்டுவரை தவறாமல் போட்டுவந்தால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். அந்த ஊசியின் விலை அற்பம். குழாய் வழியாகப் பொருத்தும் வால்வோ அமெரிக்காவில் ஏறத்தாழ 30,000 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. குஜராத்தின் வாபி நகரில் செய்யப்படும் இந்திய வால்வு ஒன்று 2018-இல் அரசின் ஒப்புதல் பெற்றது. எனினும் சிகிச்சைச் செலவு பல லட்சம் ரூபாய். நடுத்தரக் குடும்பமும் நிலத்தை விற்று யோசிக்க வேண்டிய தொகை அது.

வயதும் கணக்கில் வர வேண்டும். விலங்குச் சவ்வினால் ஆன வால்வு நிரந்தரமன்று. நாளடைவில் அதுவும் தேயும். ஆகவே 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அறுவையும், 80-க்கு மேற்பட்டவருக்குக் குழாய் முறையும், இடைப்பட்டோருக்கு மருத்துவரும் நோயாளியும் கலந்துபேசி எடுக்கும் முடிவும் பொருத்தம் என 2020-இன் அமெரிக்க வழிகாட்டி கூறுகிறது. சிலருக்கு வால்வு வைத்தபின் இருதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டு பேஸ்மேக்கரும் தேவைப்படும். 2019-இன் இரு பெரிய ஆய்வுகளில் வால்வின் வகைக்கேற்ப நூற்றுக்கு ஆறேழு முதல் பதினேழு பேர் வரை அவ்வாறாயினர்.

வீட்டில் ஒருவருக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், கூச்சமின்றிக் கேட்க வேண்டியவை சில உண்டு. சென்ற ஆண்டு இங்கே இவ்வகை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்களுள் எத்தனை பேர் நலமாய் உள்ளனர்? அறுவை மருத்துவரும் நோயாளியைப் பார்த்தாரா? சி.டி. ஸ்கேனில் கால் தமனி போதிய அகலம் உள்ளதா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? நல்ல குழு இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளாது. மருத்துவமனைக்குப் புறப்படுமுன் பங்குத் தந்தையை அழைத்து நோயில் பூசுதல் பெறலாம். அது இறக்குந் தறுவாயினருக்கு மட்டும் உரியது என்று அஞ்சி ஒளிக்கத் தேவையில்லை.

வால்வு பொருத்தப்பட்டவர் பல் பிடுங்கச் செல்கையில் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புதிய வால்வில் குடியேறாதபடி, முன்னதாக ஒரு வேளை மருந்து கொடுப்பார்கள். வால்வின் பெயரும் அளவும் பொறித்த அட்டையொன்றை மருத்துவமனை தரும். அது பீரோவில் பூட்டிவைக்கும் பொருளன்று. சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் இருக்கட்டும்.